ஊர் வீட்டுக்கு அலாரம்: விடுமுறையில் பார்த்துவிட்டு வர வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வயர் இல்லாத அலாரம் பொருத்த நினைப்பவர்கள், கனடாவில் மலிவு விற்பனையில் கிடைத்த பெட்டியைப் பயணப்பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். அதன் அடப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம், ஊரில் 230. ரேடியோ அலைவரிசையும் நாட்டுக்கு நாடு வேறு. இலங்கைக்குள் ரேடியோ சாதனம் கொண்டுவருவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளும் உண்டு. சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் தலையிடி எதற்கு? உள்ளூரிலேயே வாங்கினால் பழுது பார்க்கவும் ஆள் கிடைக்கும்.

சென்சார் எங்கே வைப்பது என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். அவர் முன்கதவுக்கும் யன்னல்களுக்கும், திறந்து காந்தம் விலகினால் அலாரம் அடிக்கும் காந்தச் சென்சார் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். ஓட்டு வீட்டுக்குள் வருகிற திருடன் கதவைத் தொடுவானா? குசினிப் பக்கம் ஏறி, நாலு ஓட்டைக் கழற்றி இறங்கிவிடுவான். ஆகவே இறங்கியவன் எந்த அறைக்குப் போனாலும் கடந்தே ஆக வேண்டிய நடுக்கூடத்தில் ஓர் அசைவுச் சென்சார் அவசியம். ஏழடி உயரத்தில், அவன் நேரே எதிர்கொண்டு வராமல் குறுக்கே நடக்கும்படியான மூலையில் வையுங்கள். குறுக்கு அசைவைத்தான் அது சட்டென்று பிடிக்கும்.

அந்தச் சென்சார் பார்ப்பது உடல் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள வெப்பத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை. சித்திரை வெயிலில் பூட்டிய வீடு கொதிக்கும்போது அந்த வித்தியாசம் சுருங்கி, சென்சார் மந்தமாகும். எனவே பரிசோதனையை விடியற்காலைக் குளிர்ச்சியில் செய்துவிட்டுத் திருப்திப்படாமல், பிற்பகல் இரண்டு மணிக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். பல்லி அந்தச் சென்சாரின் முகப்பில் ஊர்ந்தால் நள்ளிரவில் சைரன் அலறும். எறும்பு பின்பக்கத் துளையால் புகுந்து கூடு கட்டும். துளையைச் சிலிக்கோனால் அடைத்துவிடுங்கள். மரக்கதவு மாரியில் ஊதிக்கொள்வதால், கோடையில் ஒட்டிய காந்தம் கார்த்திகையில் விலகி நிற்கும். இடைவெளியை அளந்தே ஒட்டுங்கள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கடற்கரையில் என்றால் பற்றரி முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள்.

பற்றரிகளை, இன்னும் வேலை செய்கின்றன என்று விட்டுவைக்காமல், வரும்போதெல்லாம் மாற்றிவிடுவதே நல்லது. மாற்றிய திகதியை மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். உதிரி லித்தியம் பற்றரிகள் கொண்டுவந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பிறகு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, சென்சார்கள் எல்லாம் தகவல் அனுப்பும் தாய்ப்பெட்டி எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று கவனியுங்கள். மலிவான சாதனங்களில் சென்சார் செத்துப்போனாலும் பெட்டி சொல்லாது. ஒவ்வொன்றின் முன்னாலும் நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இடி மின்னல் காலத்துக்கு மின்னெழுச்சி தடுப்பானும் (surge protector) வேண்டும்.

சைரன் கேட்டால் யார் வருவார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி. பக்கத்து வளவு அக்காவுக்குத் தனிக் குறியீட்டு எண் கொடுத்து, நிறுத்தவும் பழக்குங்கள். வீட்டுக்குள் தனியாகப் போகாமல் பொலிஸின் 119க்கு அழைக்கும்படி சொல்லுங்கள். மேசனுக்கு முன்பு கொடுத்த எண்ணை அழித்துவிடுங்கள். உங்களுக்குத் தகவல் அனுப்ப, பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு ரீலோட் செய்யாவிட்டால் அது செயலிழந்துவிடும். அந்தப் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டே விமானம் ஏறுங்கள்.