வேவு ஹெலிகாப்டர் இனியும் தேவையா? மூன்று நிமிட உரைக்கு ஆயத்தமாகும் முறை

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில், அட்டையில் தரப்படும் நான்கு தலைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து, மூன்று நிமிடம் சிந்தித்து, மூன்று நிமிடம் பேச வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. வேவு ஹெலிகாப்டரும் ட்ரோனும் தலைப்பாக அமைந்தால், டெல்டா மாவட்டங்களிலிருந்து செல்லும் நம் இளைஞர்கள் பலர், ட்ரோன் மலிவானது, விழுந்தாலும் உயிர்ச்சேதம் இல்லை, ஆகவே ஹெலிகாப்டர் தேவையில்லை என்று முதல் நிமிடத்திலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள். எந்தப் பணிக்கு, எந்த நிலத்தில் என்ற இரண்டையும் கேட்காமல் இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசுவதே அதிலுள்ள குறை.

முதலில் பணியைப் பிரித்து எழுதுங்கள். வேவு ஹெலிகாப்டர் தாழப் பறந்து எதிரியின் இருப்பைக் கண்டறிகிறது. பீரங்கிக் குண்டு விழும் இடத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறது. பின்னால் வரும் தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு வழிகாட்டுகிறது. தேவைப்பட்டால் காயமுற்றவரை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. இவற்றுள் முதல் இரண்டையும் இன்று ட்ரோன் செவ்வனே செய்கிறது. நான்காவதைச் செய்ய, ஆளை ஏற்றவல்ல வானூர்தி வேண்டும்.

அடுத்து நிலத்தைக் கணக்கிடுங்கள். இதற்கு நம் காவிரிப் படுகையைவிட நல்ல பாடநூல் இல்லை. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், தொடுவானத்தின் தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரமான 216 அடி, அதாவது 66 மீட்டர் உயரத்தில் தஞ்சையின் மேல் நிற்கும் ஒரு ஹெலிகாப்டருக்குத் தொடுவானம் சுமார் 29 கிலோமீட்டரில் இருக்கும். பாபநாசத்தின் தரை அதற்குள் அடங்கும், கும்பகோணத்தின் தரை அடங்காது. இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். இடையில் மரமோ கட்டடமோ மறைக்காதவரை, அந்த 29 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கும் எதிரியின் ரேடாருக்கும் அது மறைவின்றித் தெரியும். ஒளிந்துகொள்ளக் குன்று ஒன்றுகூட இல்லாத இந்தச் சமவெளியில் தென்னந்தோப்பே அதற்குத் திரை. அமெரிக்கத் தரைப்படையின் கயோவா வாரியர் ஹெலிகாப்டரில், சுழலிக்கும் மேலே உருண்டையான நோக்குக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்ததன் காரணம் இதுவே: உடல் மரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்க, கண் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். அந்தச் சிறிய கண்ணின் வேலையை இன்று ஒரு ட்ரோன் தனியாகச் சென்று செய்துவிடுகிறது. ஆளை ஏற்றிய ஊர்தியைத் தோப்பின் விளிம்புவரை அனுப்ப வேண்டியதில்லை.

வரலாற்றை எடுத்துக்காட்டும்போது நிதானம் தேவை. அமெரிக்கா கோமான்சி வேவு ஹெலிகாப்டர் திட்டத்தை 2004இல் கைவிட்டது. கயோவா வாரியரை 2017இல் பணியிலிருந்து விலக்கியது. அவற்றின் இடத்துக்கு வரவிருந்த புதிய வேவு, தாக்குதல் ஹெலிகாப்டர் திட்டத்தை 2024 பிப்ரவரியில், உக்ரைன் போர்க்களம் தந்த பாடத்தைச் சுட்டிக்காட்டி நிறுத்தியது. ஆனால் கயோவா விட்டுச்சென்ற பணியை ட்ரோன் மட்டும் ஏற்கவில்லை; அப்பாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டரும் ட்ரோனும் இணைந்தே ஏற்றன. இந்த இணைப்பைச் சொல்லாமல் விட்டால் உரை பாதி உண்மையாகிவிடும்.

ட்ரோனின் குறைகளை நேரில் பார்த்துப் பேசுங்கள். சம்பா வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை வரப்பில் நின்று கவனித்தால், மின்கலத்தை எத்தனை முறை மாற்றுகிறார்கள் என்பதும், காற்று எழுந்தால் வேலையை நிறுத்திவிடுவதும் தெரியும். போரில் பறக்கும் பெரிய ட்ரோன்கள் பல மணி நேரம் வானில் நிற்கக்கூடியவை என்பதால், வயலில் கண்டதை எல்லா ட்ரோன்களுக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது. ஆயினும் வானொலித் தொடர்பை எதிரி குலைத்தால் ட்ரோன் தடுமாறும் என்பது பெரியவற்றுக்கும் பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைத் தாக்கியதை நினைவில் வைத்து, வெள்ளத்தில் சிக்கிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ட்ரோன் அவர்களைக் கண்டுபிடித்துவிடும். கயிறு இறக்கித் தூக்குவது ஹெலிகாப்டர்.

மூன்று நிமிடத்தையும் சமமாகப் பங்கிட வேண்டாம். பணிக்கு முக்கால் நிமிடம் போதும்; நிலத்துக்கு ஒன்றரை நிமிடம் கொடுங்கள், ஏனெனில் பிறர் அதைத் தொடமாட்டார்கள்; மீதி நேரத்தில் உங்கள் முடிவைத் தயங்காமல் சொல்லுங்கள். என் முடிவு இது: எதிரியின் எல்லைக்குள் எட்டிப் பார்க்கும் வேலையை ட்ரோனிடம் விட்டுவிட்டு, ஹெலிகாப்டர் பின்னால் நின்று, அந்த ட்ரோன்களை இயக்கும் வீரரையும் காயமுற்றவரையும் சுமக்க வேண்டும். இதற்கு மாறான முடிவை எடுப்பவர், சியாச்சினில் சீட்டா ஹெலிகாப்டர் ஆற்றிவரும் பணியிலிருந்து தொடங்கலாம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் மேற்சொன்ன டெல்டாக் கணக்கு மட்டும் போதாது, இயந்திரம் எவ்வளவு எடையைத் தூக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.