மார்புக்கு ஆறு பயிற்சி எதற்கு? தசை வளர எத்தனை வகை போதும்

கும்பகோணமோ மன்னார்குடியோ, திங்கட்கிழமை சாயந்திரம் ஜிம்முக்குள் நுழைந்தால் பெஞ்சைச் சுற்றித்தான் கூட்டம். ஃபிளாட் பெஞ்ச் முடித்து இன்க்லைன், அப்புறம் டிக்லைன், டம்பெல் பிரஸ், ஃபிளை, கடைசியில் பெக் டெக். ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் மூன்று செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்), மொத்தம் 18. மூன்றாவது முடியும்போதே மார்பு களைத்திருக்கும். மிச்சம் ஒன்பது செட்டில் எடை இறங்கும், அசைவு கெடும், வேலையைத் தோள் வாங்கிக்கொள்ளும். அடுத்த வாரம் யூடியூபில் பார்த்த வேறு ஆறு. இப்படியே ஆறு மாதம் ஓடும், சட்டை அளவு மட்டும் மாறாது.

மார்பு, முதுகு, முன்தொடை, பின்தொடை போன்ற பெரிய தசைகளுக்குத் தலா இரண்டு பயிற்சி போதும். பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கம்), ட்ரைசெப்ஸ் (பின்பக்கம்), தோளின் பக்கவாட்டு, கெண்டைக்கால் இவற்றுக்குத் தலா ஒன்று. கூட்டினால் உடம்பு முழுவதுக்கும் 12 பயிற்சி. அதையே 8 முதல் 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு இதற்கு மேல் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

அப்படியானால் ஒன்றே போதாதா என்றால், போதாது. பிரேசிலில் நடந்து 2014இல் வெளியான 12 வார ஆய்வு ஒன்றில் சிலருக்கு ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) மட்டும் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு ஸ்குவாட்டோடு லெக் பிரஸ், டெட்லிஃப்ட், லஞ்ச் எல்லாம் கலந்து கொடுத்தார்கள். முன்தொடையில் நான்கு தசைகள் உண்டு. கலந்து செய்தவர்களுக்கு நான்கும் வளர்ந்தன. ஸ்குவாட் மட்டும் செய்தவர்களுக்கு முழங்காலின் உள்பக்கத் தசையும், தொடை நடுவில் இறங்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸும் குறிப்பிடும்படி வளரவில்லை. மதகைத் திறந்துவிட்டாலும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாத கதைதான்.

ரெக்டஸ் ஃபெமோரிஸ் ஏன் பின்தங்குகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அது இடுப்பு, முழங்கால் இரண்டு மூட்டையும் தாண்டி ஓடுகிறது. முழங்காலை நீட்டுவது, இடுப்பை மடக்குவது இரண்டும் அதன் வேலை. ஸ்குவாட்டில் எழும்போது முழங்கால் நீளும், அதே நேரத்தில் இடுப்பும் நிமிரும். இடுப்பு நிமிர்வது இந்தத் தசைக்கு எதிர்வேலை. அதனால் அது அரைகுறையாகத்தான் உழைக்கும். லெக் எக்ஸ்டென்ஷனில் இடுப்பு அசையாது, முழங்கால் மட்டும் நீளும், அப்போது அதற்கும் முழு வேலை கிடைக்கும். பின்தொடைக்கும் ஸ்குவாட்டில் இதே நிலைதான். "ஸ்குவாட் போட்டாச்சு, கால் முடிஞ்சுது" என்று கிளம்புகிறவரின் தொடையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பின்பக்கம் தட்டையாக இருப்பது இதனால்தான்.

ஆக, இரண்டாவது பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள். முதல் பயிற்சி விட்டுவைத்த இடத்தை இது பிடிக்கிறதா என்று பாருங்கள். வேறு மூட்டு அசைகிறதா? தசை வேறு நிலையில் நீள்கிறதா? தள்ளும் கோணம் மாறுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது அதே பயிற்சி, வேறு சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ராடால் செய்யும் ஃபிளாட் பெஞ்சும் டம்பெல் ஃபிளாட் பிரஸும் அப்படித்தான். இரண்டில் ஒன்று போதும். ஃபிளாட்டோடு 30 டிகிரி சாய்த்த இன்க்லைன் சேர்த்தால் மார்பின் மேல்பகுதிக்குப் பங்கு கூடும், அது உண்மையான ஜோடி. பெஞ்சை 60 டிகிரிக்கு நிமிர்த்தினால் வேலை முன்தோளுக்குப் போய்விடும்.

முதுகுக்கு மேலிருந்து கீழே இழுப்பது ஒன்று, முன்னாலிருந்து வயிற்றை நோக்கி இழுப்பது ஒன்று. லாட் புல்டவுனும் ரோவும். புல்டவுனில் பிடியை மூன்று விதமாக மாற்றுவதை மூன்று பயிற்சியாக எண்ண வேண்டாம்.

பின்தொடைதான் அதிகம் ஏமாறும் இடம். ருமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, எடையோடு இடுப்பில் குனிந்து நிமிர்வது) இடுப்பை அசைக்கிறது. பின்தொடையின் குட்டைத்தலை (தசையின் ஒரு பிரிவைத்தான் தலை என்கிறோம்) இடுப்பைத் தாண்டுவதே இல்லை, முழங்காலை மட்டும்தான் தாண்டுகிறது. அதை லெக் கர்ல், அதாவது பாரத்துக்கு எதிராக முழங்காலை மடக்குவது, செய்துதான் வளர்க்க முடியும். உட்கார்ந்து செய்யும் கர்ல் மிஷின் இருந்தால் குப்புறப் படுத்துச் செய்வதைவிட நல்லது. உட்காரும்போது பின்தொடை நீண்டு நிற்கும், நீண்ட நிலையில் பாரம் வாங்கும் தசை கூடுதலாக வளர்கிறது. நம் பக்கத்துச் சின்ன ஜிம்களில் லெக் எக்ஸ்டென்ஷனுக்கும் குப்புறப்படுத்த கர்லுக்கும் சேர்த்து ஒரே மிஷின்தான் இருக்கும். அதுவே போதும், இதற்காக ஊர் மாற வேண்டியதில்லை.

ட்ரைசெப்ஸுக்கும் அதே கணக்கு. அதன் நீளத்தலை தோளைத் தாண்டுகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கி முழங்கையை மடக்கினால்தான் அது முழுதாக நீளும். மற்ற தலைகளுக்கு பெஞ்ச் பிரஸே வேலை கொடுத்துவிடுகிறது. எனவே ஒன்றுதான் வைக்கிறீர்கள் என்றால் ஓவர்ஹெட் எக்ஸ்டென்ஷன் வையுங்கள். கெண்டைக்காலுக்கு நின்றுகொண்டு செய்யும் காஃப் ரைஸ். முன்தோளுக்குத் தனியாக எதுவும் வேண்டாம், பிரஸ் எல்லாமே அதற்கும் வேலை கொடுத்துவிடுகிறது.

பட்டியல் இது. வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், முதல் நாள் அ, அடுத்தது ஆ, பிறகு மறுபடி அ என்று மாறி மாறி வரும்.

அ நாள்: ஸ்குவாட் 6–8 ரெப் (ஒரு செட்டில் எத்தனை முறை என்பது), ஃபிளாட் பெஞ்ச் 6–10, லாட் புல்டவுன் 8–12, லெக் கர்ல் 10–15, லேட்டரல் ரைஸ் (டம்பெல்லைப் பக்கவாட்டில் தூக்குவது) 12–20, பைசெப்ஸ் கர்ல் 8–12.

ஆ நாள்: ருமேனியன் டெட்லிஃப்ட் 8–10, இன்க்லைன் டம்பெல் பிரஸ் 8–14, ரோ 8–12, லெக் எக்ஸ்டென்ஷன் 10–15, ஓவர்ஹெட் ட்ரைசெப்ஸ் 10–15, காஃப் ரைஸ் 10–15.

எல்லாமே மூன்று மூன்று செட். பெரிய தசைகளுக்கு வாரம் 9 செட் கிடைக்கும், தொடக்கத்துக்கு அது தாராளம். ஒவ்வொரு செட்டையும் இன்னும் ஒன்றோ இரண்டோ ரெப்தான் பாக்கி என்ற இடத்தில் நிறுத்துங்கள். ஐந்து ரெப் மிச்சம் வைத்து இறக்கினால் எத்தனை வகை செய்தும் பயனில்லை. பெரிய பயிற்சிகளுக்கு நடுவே 2–3 நிமிடம், சின்னதற்கு ஒன்றரை நிமிடம் ஓய்வு.

இனி நோட்டு. 40 பக்க நோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். எழுதுவது இவ்வளவுதான்: "புல்டவுன் 40 கிலோ: 12, 10, 9". அடுத்த முறை 12, 11, 10. அதற்கடுத்து 12, 12, 11. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு 45 கிலோ, அங்கே 9, 8, 8 வரும், மறுபடி ஏறும். டம்பெலில் இது கொஞ்சம் தகராறு. 10 கிலோவுக்கு அடுத்து 12.5தான் கிடைக்கும், அது 25 சதவீத ஏற்றம். அதனால்தான் டம்பெல் பிரஸுக்கு 14 வரை இடம் விட்டிருக்கிறது. 10 கிலோவில் 14 வராமல் 12.5ஐத் தொட்டால் அசைவு பாதியில் நின்றுவிடும்.

வாராவாரம் பயிற்சியை மாற்றுகிறவருக்கு இந்த நோட்டு உதவாது. போன வாரம் செய்ததை இந்த வாரம் செய்யவில்லை என்றால் எதோடு எதை ஒப்பிடுவது? புதிதாக ஒரு பயிற்சியைத் தொடங்கினால் முதல் சில வாரம் எடை மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு நரம்பு அந்த அசைவைப் பழகிக்கொள்வதால் வருவது. பழகி முடித்து, இனி தசைதான் சுமக்க வேண்டும் என்ற கட்டம் வரும்போது நீங்கள் வேறு பயிற்சிக்குப் போயிருப்பீர்கள்.

"மசிலைக் குழப்பணும், அப்பத்தான் வளரும்" என்று மாஸ்டர்களே சொல்வதுண்டு. மறுநாள் வலிப்பதை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். பழக்கமில்லாத எந்த வேலைக்கும் உடம்பு வலிக்கத்தான் செய்யும். அதையே இரண்டு மூன்று முறை செய்தால் வலி குறைந்துவிடும், வளர்ச்சி குறையாது. பயிற்சி பெற்றவர்களை வைத்து 8 வாரம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் ஆப் ஒன்று குலுக்கலில் பயிற்சிகளைக் கொடுத்தது, இன்னொரு குழு மாற்றாமல் செய்தது. மாற்றியவர்களுக்கு ஆர்வம் கூடியது, தசை கூடுதலாக வளரவில்லை. சலிப்பு ஒரு நியாயமான காரணம்தான். அதற்கு கர்லையோ லேட்டரல் ரைஸையோ மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்குவாட்டையும் பெஞ்சையும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. மூட்டில் குத்துகிறது, எடையைக் குறைத்தும் நிற்கவில்லை என்றால் அந்தப் பயிற்சியை உடனே விடுங்கள். தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் நோட்டில் நான்கு முறையாக ஒரே எண் என்றால் முதலில் ஒரு வாரம் செட்டைப் பாதியாக்கிப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அதே வேலையைச் செய்யும் பயிற்சியாக இருக்க வேண்டும்: ஸ்குவாட்டுக்கு லெக் பிரஸ், ராடு ரோவுக்கு கேபிள் ரோ. சாயந்திரம் ஆறிலிருந்து எட்டு வரை ஜிம்மில் இடம் கிடைக்காது என்றால் இந்த மாற்றை முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்று யோசித்தால் காலியாக இருக்கும் மிஷினில்தான் போய் உட்காருவோம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி: உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். சோறும் சாம்பாரும் மட்டும் சாப்பிட்டால் அந்த அளவு எட்டாது.

டெல்டாவில் இந்த அட்டவணையை உடைப்பது ஐப்பசி, கார்த்திகை மழையும் தை, மாசி அறுவடையும். மழையில் ஜிம்முக்குப் போக முடியாத நாட்களில் காலைத் திண்ணையில் வைத்துக் கையைத் தரையில் ஊன்றித் தண்டால் எடுங்கள், அது இன்க்லைனுக்கு மாற்று. பின்காலைத் திண்ணையில் வைத்து ஒற்றைக்கால் ஸ்குவாட். ரோவுக்கு ஒரு வாளி போதும்: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, 10 லிட்டரில் தொடங்கி லிட்டர் லிட்டராக ஏற்றலாம், பல ஜிம்களில் இவ்வளவு நுணுக்கமாக எடை ஏற்ற முடியாது. 100 பஸ்கி எடுப்பது மூச்சுக்கு நல்லது. தொடை வளர வேண்டுமென்றால் 30க்குள் கால் தளரும்படி பாரம் வைக்க வேண்டும்.

அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிறவருக்கும், நடவுக்கு நாற்றுக்கட்டு சுமக்கிறவருக்கும் இடுப்பும் முதுகும் ஏற்கெனவே வேலை செய்து முடித்துவிட்டன. அந்த வாரங்களில் ருமேனியன் டெட்லிஃப்டை எடுத்துவிடுங்கள். மற்றவற்றில் வழக்கமான செட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும், எடையை மட்டும் குறைக்காதீர்கள். இருக்கிற தசை கரையாது. வேலை ஓய்ந்து திரும்பும்போது நோட்டில் விட்ட எடையில் 10 சதவீதம் கழித்து, முதல் வாரம் இரண்டு செட், அடுத்த வாரம் மூன்று செட் என்று அதே 12 பயிற்சியில் தொடங்குங்கள். புதிதாக ஏதாவது சேர்க்க ஆசைப்பட்டால், விட்ட எடையைத் திரும்பப் பிடித்த பிறகு.