ஆழிப்பேரலை நினைவுகளைக் கேட்டு எழுதுவது எப்படி?

நாகப்பட்டினத்தை ஒட்டிய மீனவர் ஊர்களான அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் மாணவர்களை அனுப்பும்போது நான் போடும் முதல் விதி இது: ‘கடல் உள்வாங்கியதா?’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள்; தொலைக்காட்சி அத்தனை முறை சொல்லிக்கொடுத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடல்தளம் பெயர்ந்தபோது தாய்லாந்தை நோக்கிய பக்கம் அமிழ்ந்தது; நம்மை நோக்கிய பக்கம் எழும்பியது. அதனால்தான் அங்கே கடல் முதலில் பின்வாங்கியது; சென்னைத் துறைமுகக் கருவியிலோ முதலில் நீர் ஏறியதுதான் பதிவானது. நம் கரையில் கடல் வற்றியதைக் கண்டவர், இரண்டு அலைகளுக்கு இடையே கண்டிருக்கலாம். ‘முதலில் எதைப் பார்த்தீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.

மணி கேட்டுப் பயனில்லை. நிலம் அதிர்ந்தது காலை 6.29, அலை வந்தது ஏறக்குறைய ஒன்பது. இந்த இடைவெளியைப் பிடிக்க வேறு வழி உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பௌர்ணமி. மீன் ஏலம் முடிந்திருந்ததா, உலை வைத்தாயிற்றா, தேவாலயப் பூசைக்குப் போனவர்கள் திரும்பியிருந்தார்களா என்று விசாரியுங்கள். ‘மதியம் பாத்திரம் ஆடியது’ என்று ஒருவர் சொன்னால் குறித்துக்கொண்டு மெல்ல விசாரியுங்கள். அது 2012 ஏப்ரல் 11 அதிர்வாக இருக்கலாம். அன்றும் சுமத்ரா அருகேதான், எச்சரிக்கையும் வந்தது, பேரலை வரவில்லை.

நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை உட்கார்ந்த இடத்தில் கேட்டால் தென்னை மர உயரம் என்பார்கள். பழைய வீட்டு மனைக்கே அவர்களை அழைத்துப் போங்கள். பலர் இப்போது உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புகளில் இருக்கிறார்கள். சுவர் மிச்சமிருந்தால், உட்புறச் சுவரில் கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் அலை தெறித்து மேலே ஏறியிருக்கும். அறைக்குள் தேங்கிய நீர் விட்ட கோடுதான் நம்பத் தக்கது. அளவு நாடாவின் நுனியைத் தரையில் வைக்கும் முன், அந்தத் தரை பிறகு மண் கொட்டி உயர்த்தப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியை விட்டால் மொத்த அளவும் குப்பை.

எல்லாரும் ஊர்த் தலைவர்களான நாட்டார்களிடமே போகிறார்கள். அவர்கள் பேட்டி கொடுத்துக் கொடுத்து கதை வழவழப்பாகிவிட்டது. மீன் கூடை சுமக்கும் பெண்களைத் தேடுங்கள். கரையில் நின்றவர்கள் அவர்கள். அன்று ஆழ்கடலில் இருந்தவர்களையும் விடாதீர்கள். அங்கே அலை உயரமே தெரியாது. கரை திரும்பித்தான் பலர் அறிந்தார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர் பேச்சை நிறுத்தினால் ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள். பேச்சு தொடர்ந்தாலும் அவர் சொல்லாமல் மறுபடி போடக்கூடாது. எழுதி முடித்ததை அவரிடமே வாசித்துக் காட்டி, நீக்கச் சொன்ன வரியை நீக்கி, ஒரு பிரதியை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.