வண்டிக்கு மொபைல் ஹோல்டர் வடிவமைக்கிறீர்களா? இங்கேதான் சறுக்கும்

ஆட்டோவில் ஏறினால் டிரைவரின் ஹோல்டரை ஒரு பார்வை பாருங்கள். நிறைய வண்டிகளில் போனுக்கு மேல் குறுக்காக ஒரு ரப்பர் பேண்ட் ஓடும். ஹோல்டரை வடிவமைத்தவர் செய்யாமல் விட்ட வேலையை அந்த ரப்பர் பேண்ட் செய்துகொண்டிருக்கிறது.

பெரும்பாலான ஹோல்டர்கள் மேஜை மேல் வைத்துச் சோதிக்கப்பட்டவை. மேஜையில் போனைக் கீழே இழுப்பது அதன் எடை மட்டும்தான். அதனால் கீழே ஒரு தாங்கு, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த கை, அவ்வளவு போதும் என்று தோன்றிவிடுகிறது. ரோட்டில் நடப்பது வேறு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டி சட்டென்று கீழே போகிறது, போன் போகாது. அது முதலில் மேலே எகிறும், பிறகுதான் விழும். அந்த மேல்பக்கத்தில்தான் தடுக்க ஒன்றுமே இருப்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உறையோடு சேர்த்து போன் 240 கிராம் என்று வையுங்கள். ஒரு குலுக்கலில் எடையைப்போல ஐந்து மடங்கு விசை வந்தால் 1.2 கிலோ. பக்கவாட்டுப் பிடி மட்டுமே அதைத் தாங்க வேண்டும், கைகளில் ஒட்டிய ரப்பரின் உராய்வுக் கெழு (எவ்வளவு வழுக்காமல் பிடிக்கும் என்பதன் அளவு) 0.5 என்றால், ஒவ்வொரு கையும் 1.2 கிலோ விசையோடு அழுத்த வேண்டும். புழுதியும் வியர்வையும் சேர்ந்து உராய்வு பாதியாகிவிட்டால் 2.4 கிலோ. சரி, ஸ்பிரிங்கை இன்னும் கடினமாகப் போடலாமே என்றால், அப்புறம் ஒரு கையால் போனை எடுக்க முடியாது. அதற்குப் பதில் மேல் மூலைகள் இரண்டிலும் 3 மில்லிமீட்டர் உதடு, அதாவது உள்பக்கம் நீட்டிய சின்ன விளிம்பு ஒன்று, போன் மேல் படியும்படி வையுங்கள். உதடு தடுத்துக்கொள்ளும், ஸ்பிரிங் மென்மையாகவே இருக்கலாம். எந்தத் திசையில் விசை வருகிறதோ அந்தத் திசையில் ஒரு சுவர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

காந்த ஹோல்டரிலும் இதே கோளாறுதான். நேராக இழுத்துப் பார்த்து ‘அப்பா, என்ன பிடி!’ என்கிறோம். ஆனால் போன் பிடுங்கிக்கொண்டு வருவதைவிட வழுக்கிக்கொண்டு இறங்குவதுதான் அதிகம். வழுக்கலை எதிர்ப்பது காந்த விசை முழுவதும் அல்ல, அதில் உராய்வு அளவுக்கான ஒரு பங்கு மட்டும். அடியில் ஒரு சின்னத் தாங்கு கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கூடவே இன்னொன்று: காந்தம் போனின் திசைகாட்டியைக் குழப்பும். மேப்பில் அம்புக்குறி எதிர்த்திசை காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

அடுத்தது ஹோல்டரை டேஷ்போர்டோடு இணைக்கும் நீளமான கை. வளைத்துக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம் என்று கடையில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கையின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகமான சொந்த அதிர்வெண்ணும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நான்கு சிலிண்டர் கார் எஞ்சின் 850 ஆர்.பி.எம்.மில் சும்மா ஓடும்போது வினாடிக்கு சுமார் 28 துடிப்புகளைத் தருகிறது. கையின் சொந்த அதிர்வெண் அதன் பக்கத்தில் வந்து நின்றால், சிக்னலில் நிற்கும்போதுகூடத் திரை படிக்க முடியாதபடி நடுங்கும். குட்டையான, தடித்த கை அழகாக இருக்காது, ஆனால் நிற்கும்.

பைக்கில் இந்த அதிர்வு கேமராவையே பாதிக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பலமான அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி, கேமராவின் ஆட்டத்தைச் சமன் செய்யும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. ஸ்கூட்டர், மொபெட்டுக்கு அதிர்வைத் தணிக்கும் ஹோல்டர் போடச் சொன்னது. அதிர்வை உறிஞ்சும் ரப்பர் இல்லாமல் அலுமினியத்தை அலுமினியத்தோடு முறுக்கிவிட்டு ‘ஹெவி டியூட்டி’ என்று பெயர் வைப்பது இந்த விஷயத்தில் நேர் எதிரான வேலை. நட்டுகளும் அப்படியே. சாதா நட் போட்டால் சில வாரங்களில் தளர்ந்துவிடும். உள்ளே நைலான் வளையம் வைத்த, தளராத நைலாக் நட் சில ரூபாய்தான் கூடுதல்.

வெயிலை மறந்து செய்யும் ஹோல்டருக்கு ஆயுள் ஒரு மே மாதம். 3டி பிரிண்டரில் எல்லோரும் முதலில் எடுப்பது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்; அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கிவிடும். வெயிலில் நிறுத்தி மூடிய காரின் கறுப்பு டேஷ்போர்டு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஏ.பி.எஸ். அல்லது வெயிலைத் தாங்கும் ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் எடுங்கள். பிரிண்ட் செய்யும் திசையையும் கவனியுங்கள்: கொக்கியை நிற்க வைத்து அச்சடித்தால் அடுக்குகளுக்கு நடுவே படக்கென்று பிளக்கும், படுக்க வைத்தால் வளைந்து கொடுக்கும். இருபக்க டேப்பில் ஒட்டுவதாக இருந்தால், டேஷ்போர்டு பாலிஷை ஸ்பிரிட்டால் துடைத்தெடுங்கள். நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் முழுப் பலம் பெற 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய உடனே போனை மாட்டிவிட்டு டேப்பைத் திட்டிப் பயனில்லை.

போனின் பட்டன்கள் மேல் ஹோல்டரின் கை படுவது சின்ன விஷயமாகத் தெரியும். ஐபோனில் பக்க பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்புக்கான வேலை தொடங்கிவிடும். இரண்டு பட்டன்களும் எதிரெதிர்ப் பக்கம். ஹோல்டரின் கைகளும் எதிரெதிர்ப் பக்கம். பள்ளத்தில் இறங்கிய வண்டி தானாகப் போலீசைக் கூப்பிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். கைகளின் நடுவில் ஒரு பள்ளம் விடுங்கள், அல்லது பட்டன்களுக்குக் கீழே பிடியுங்கள்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்குச் சுருள் ஒயர் போட்ட ரிசீவர் தாங்கி செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. அங்கே தாங்கி பூட்டு மட்டுமல்ல, சுவிட்சும் அதுவேதான். ரிசீவர் கொஞ்சம் எகிறினால் லைன் திறந்துவிடும். அமுக்கு சுவிட்சுக்குப் பதிலாக ரிசீவரில் காந்தமும் தாங்கியில் காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சும் வைத்து, அரை வினாடி தொடர்ந்து விலகியிருந்தால் மட்டும் ‘எடுக்கப்பட்டது’ என்று சர்க்யூட் எண்ணும்படி செய்தால் குலுக்கலுக்கு அசையாது. ஒயரின் இழுவையையும் கணக்கில் எடுங்கள். அது ஓயாமல் ரிசீவரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். தாங்கியை விட்டு வெளியே இழுக்காமல் உள்ளே தள்ளும் பக்கமாக ஒயரைக் கட்டுங்கள். எடுக்கிறவர் கண் ரோட்டில் இருக்கும், கை மட்டும் தேடும். எந்தப் பட்டனையும் தேடாமல், ஒரே அசைவில் கையோடு வர வேண்டும்.

விபத்தைப் பற்றி யோசிக்க யாருக்கும் பிடிப்பதில்லை. டேஷ்போர்டில் பக்கத்து சீட்டின் ஏர்பேக் மூடி திறக்கும் இடத்தில் ஹோல்டரை ஒட்டினால், அது வெடிக்கும்போது ஹோல்டர் பறந்து வரும். தலை மோதக்கூடிய இடத்தில் உள்ள விளிம்புகளுக்கு ஐ.நா.வின் 21-ஆம் வாகன விதி குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைவு ஆரம் கேட்கிறது. வீட்டில் செய்யும் ஹோல்டருக்கும் அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள். கூரான உலோகத் தகடு வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 2020 அக்டோபர் 1 முதல் ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி, பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது. ஆகவே ஹோல்டர் கண்ணாடியின் நடுவில் ரோட்டை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

சோதிக்கும்போது உங்கள் போனைப் பலி கொடுக்க வேண்டாம். அதே அளவு, அதே எடையில் ஒரு மரக்கட்டை போதும். முதலில் ஒரு நாள் முழுக்க வெயிலில் நிறுத்திய வண்டியில் வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்கு முன்பே வேகத்தடை நிறைந்த தெருவில் ஓட்டுங்கள். குளிர்ந்த ஹோல்டரில் எடுத்த முடிவு எதற்கும் உதவாது.