தட்டில் வட்டம் விழுந்தால் மருந்து கிடைத்துவிட்டதா? கடல் நுண்ணுயிர்ச் சோதனையில் நடக்கும் தவறுகள்

கடலடி மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாவின் சாற்றைச் சிறு வட்டத் தாளில் ஊற்றி, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமியைப் பரப்பிய வளர்ப்புத் தட்டில் வைக்கிறீர்கள். மறுநாள் தாளைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம், அதற்குள் கிருமியே இல்லை. சரி, அந்தக் கிருமியைக் கொன்றது உங்கள் பாக்டீரியாதானா?

சாறு எடுக்கப் பயன்படுத்திய எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பான் முழுவதும் ஆவியாகாமல் தாளில் தங்கியிருந்தாலும் வட்டம் விழும். அதனால் பாக்டீரியாவே போடாத வெறும் ஊடகத்தையும் (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக் கரைசல்) பாக்டீரியாவை வளர்த்த அத்தனை நாள் குலுக்கி, அதே கரைப்பானில் சாறு எடுத்து, பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். நேரம் மிச்சம் என்று பலர் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். புற்றுநோய்ச் செல்களில் சோதிப்பவர்களுக்கு சாற்றைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ என்ற திரவம் இன்னொரு தொல்லை. அது 1 சதவீதத்தைத் தாண்டினால் செல்கள் அதனாலேயே நோகும்.

எனக்கு எரிச்சலூட்டுவது தாலேட் கதை. பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் பொருள் இது. பிளாஸ்டிக் குழாயிலும் குப்பியிலும் கரைப்பான் பட்டால் கசிந்து சாற்றில் கலந்துவிடும். அதைப் போய் 'கடல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் (மருந்துப் பொருள்களுக்குப் பேர்போன பாக்டீரியா வகை) தயாரித்த சேர்மம்' என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். கண்ணாடிப் பாத்திரத்தில் மறுபடி செய்து பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

வட்டத்தின் அகலத்தை வைத்து வீரியத்தை எடைபோடுவதும் தவறு. சின்ன மூலக்கூறு தட்டிலுள்ள அகார் என்ற கூழில் சுலபமாகப் பரவும், பெரியது தாளோடு ஒட்டிக் கிடக்கும். வீரியம் தெரிய வேண்டுமானால் கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை அளந்தாக வேண்டும்.

அப்புறம், பழைய சரக்கையே புதிதாகக் கண்டுபிடிப்பது. கடலில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் நிலத்து உறவினர்களின் பொருளையே தயாரிக்கலாம். சாறு ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருந்து, மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் 1255-க்கு அருகில் ஒரு சிகரம் காட்டினால், ஏற்கெனவே தெரிந்த ஆக்டினோமைசின் டி-யா என்று முதலில் பாருங்கள். மாதக்கணக்கில் சுத்திகரித்துவிட்டுப் பிறகு தெரிந்த சேர்மங்களின் தரவுத்தளத்தைத் திறப்பது தலைகீழ் வேலை.

இதற்கெல்லாம் முன்பே, வளர்க்கும்போதே பல உயிரிகளை இழந்துவிடுகிறோம். பஹாமாஸ் கடலடி மண்ணில் கிடைத்த சாலினிஸ்போரா டிராபிகா என்ற பாக்டீரியா வளரக் கடல்நீர் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு வளரவும் வாரக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாளே தட்டைக் குப்பையில் போடுபவருக்கு அது கிடைத்தே இருக்காது. சாதா நீரில் ஊடகம் கரைத்தவருக்கும் அப்படித்தான். அது தரும், புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் சாலினோஸ்போரமைடு ஏ பற்றி 2003-இல் அமெரிக்கக் கடல் வேதியியலாளர் வில்லியம் ஃபெனிகலின் குழு எழுதியது. பின்னர் அது மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை போனது.

ஊடகம் தயாரிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. பாஸ்பேட்டையும் அகாரையும் ஒன்றாக ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) வைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, நுண்ணுயிர்கள் வளர்வதைக் கெடுக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் இதைக் காட்டினார்கள். இரண்டையும் தனித்தனியாகச் சூடாக்கிப் பிறகு கலந்தால் போதும்.

நல்ல உயிரி கிடைத்ததும் அதைத் தட்டு தட்டாக மாற்றி வளர்த்துக்கொண்டே போகாதீர்கள். சில தலைமுறைகளில் அது அந்தப் பொருளைத் தயாரிப்பதையே நிறுத்திவிடலாம். முதல் வளர்ப்பிலேயே கொஞ்சம் எடுத்து, கிளிசரால் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் நாலைந்து குழாய்களாகப் போட்டுவையுங்கள், எந்த மாதிரியிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று அழியாத மையில் எழுதி.