கடலில்லாத ஊரில் கடலுணவு: பெங்களூரின் பெரிய மீன் உணவகத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

பெங்களூரிலிருந்து கடலைப் பார்க்க மேற்கே மங்களூருக்கோ கிழக்கே சென்னைக்கோ ஏறக்குறைய 350 கிலோமீட்டர் போக வேண்டும். ஊரோ கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியும் இங்கே நல்ல மீனுக்குப் பஞ்சமில்லை. ரெசிடென்சி சாலையில் தாஜ் குழுமத்தின் ஓட்டலுக்குள் இருக்கும் கரவல்லி 1990-இல் தொடங்கியது. கோவா, மங்களூர், கேரளப் பக்கத்து வீட்டுச் சமையலை வெள்ளைத் துணி விரித்த மேஜைக்குக் கொண்டுவந்த இடம் அது. அதற்குப் பிறகு சின்னதும் பெரிதுமாக எத்தனையோ கடலோரச் சமையல் உணவகங்கள் வந்துவிட்டன.

முதல் முறை போகிறவருக்குச் சிக்கல் மெனு கார்டைத் திறந்ததும் ஆரம்பிக்கும். பாதிப் பெயர்கள் புரியாது. விலை இருக்க வேண்டிய இடத்தில் விலை இருக்காது. பக்கத்து மேஜையில் நண்டோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழுக்கப் படிக்க நேரமில்லையென்றால் இது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். முதலில் ஒரே ஒரு தட்டு. அது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

படி 1: நாள் பாருங்கள்

நல்ல நாள் பார்க்கச் சொல்லவில்லை, மீன்பிடித் தடைக்காலத்தைச் சொல்கிறேன். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் படகுகள் கட்டிக்கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவது மட்டும்தான் புது மீன். போதாக்குறைக்கு அதே மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் சிராடி மலைப்பாதையில் மண் சரிந்து, மங்களூர் லாரிகள் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

அதற்காக அந்த மாதங்களில் போகவே கூடாது என்றில்லை. கடலை நம்பாத வகைகளைக் கேளுங்கள். இறால் பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தது. கரிமீன் கேரளத்து உப்பங்கழி மீன். சேற்று நண்டும் கழிமுகத்துச் சரக்குதான். வஞ்சிரமும் வௌவாலும் சாப்பிடும் ஆசை இருந்தால் செப்டம்பருக்கு மேல் போங்கள்.

படி 2: போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்

மேஜை பதிவு செய்யும்போதே "உயிர் நண்டு இருக்கிறதா, எத்தனை கிராம்?" என்று கேட்டுவிடுங்கள். பெரிய நண்டுகள் கொஞ்சமாகத்தான் வரும், இரவு ஒன்பது மணிக்குப் போய்க் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கூட வருகிறவர்களில் யாருக்காவது இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். சமையலறையில் ஒரே கல்லில்தான் எல்லாம் வறுபடும்.

படி 3: பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மங்களூர் வகை உணவகம் என்றால் மெனுவில் துளுவும் கன்னடமும் கலந்து வரும். நமக்குத் தெரிந்த மீன்கள்தான், பெயர்தான் வேறு. அஞ்சல் என்றால் வஞ்சிரம். காணே என்றால் கிழங்கான். பாங்குடே நம் அயலை, சிலர் கானாங்கெளுத்தி என்போம். பூத்தாயி மத்தி, மாஞ்சி வௌவால், மருவாயி மட்டி, சிகடி இறால்.

வௌவால் கேட்கும்போது வெள்ளையா கருப்பா என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்து மீன்கள், விலையிலும் நிறைய வித்தியாசம் உண்டு. வஞ்சிரத்தில் நடுத்துண்டு வேண்டும் என்று சொல்லலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மீனின் பெயரே சொல்லாமல் வெறுமனே 'ஃபிஷ் ஃபில்லெட்' என்று போட்டிருந்தால் அந்த வரியைத் தாண்டிவிடுங்கள். அது பெரும்பாலும் உறைந்து வந்த பாசா என்ற வளர்ப்பு மீனாக இருக்கும். அதைத் தின்ன இவ்வளவு பெரிய இடத்துக்கு வர வேண்டியதில்லை.

படி 4: விலை இல்லாத வரிகள்

முழு மீன், நண்டு, சிங்கி இறால் எதிரே 'ஏ.பி.எஸ்.' என்று போட்டிருப்பார்கள். அளவைப் பொறுத்து விலை என்று அர்த்தம். இங்கேதான் பலர் கூச்சப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு, பில் வரும்போது முழிக்கிறார்கள். கூச்சமே வேண்டாம். 100 கிராம் என்ன விலை, இந்த மீன் எத்தனை கிராம், எடை பார்ப்பது சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா, இந்த மூன்றையும் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் மீனை ஒரு தட்டில் வைத்து மேஜைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். கண் துருத்திக்கொண்டு பளபளவென்று இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கண் குழிந்து, செவுள் பழுப்பேறியிருந்தால் "வேறு பார்க்கலாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

பரிமாறுகிறவரிடம் கன்னடத்தில் "இவத்து யாவ மீனு பந்திதே அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். இன்று என்ன மீன் வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அண்ணா என்ற அழைப்பு இந்த ஊரிலும் செல்லும். மெனுவில் இருப்பதைக் கேட்டால் மெனுவில் இருப்பதைத்தான் சொல்வார், வந்ததைக் கேட்டால் வந்ததைச் சொல்வார்.

படி 5: முதல் தட்டு, காணே ரவா ஃப்ரை

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன். காணே சின்ன மீன், விரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல். வெள்ளைச் சதை, கொழுப்பு குறைவு, மென்மையான ருசி. மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் புளிப்பு சேர்த்துப் பிசறி, ரவையில் புரட்டி, கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்டெடுப்பார்கள். மேலே அந்த ரவைத் தோல் மட்டும்தான். உள்ளே மீனின் நிலவரத்தை மறைக்க எதுவும் கிடையாது. துறைமுகத்தில் ஏற்றியதிலிருந்து உங்கள் மேஜை வரைக்கும் ஐஸ் சரியாக இருந்ததா என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

எப்படிப் பார்ப்பது? நடுவில் விரலால் பிளந்து பாருங்கள். சதை ஈரத்தோடு இதழ் இதழாகப் பிரிந்து, முள்ளை விட்டு ஒரே இழுப்பில் வந்தால் அருமையான மீன். பஞ்சு மாதிரி உலர்ந்து இருந்தால் அதிகமாகச் சுட்டிருக்கிறார்கள், அது சமையல்காரரின் அவசரம். மாவு மாதிரி குழைந்து, நெடி மூக்கில் ஏறினால் மீனே பழசு. மூன்றாவது ரகம் வந்தால் பேசாமல் கோழிக்கு மாறிவிடுங்கள். மங்களூர் உணவகத்தில் கோரி ரொட்டி, அதாவது மொறுமொறு அரிசி ரொட்டியும் கோழிக் குழம்பும், கெட்டுப்போகாது.

காணே இல்லையென்றால் வஞ்சிரம் தவா ஃப்ரை. அதுவும் இல்லையென்றால் எலுமிச்சையும் உப்பும் மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்தது ஏதாவது. பலர் போனவுடன் மசாலாவில் முக்கியெடுத்த ஐட்டங்களாக ஆர்டர் செய்கிறார்கள். கடற்கரை ஊரில் அது சரி. 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது முதலில் வெறும் மீனைத்தான் கேட்க வேண்டும்.

படி 6: அப்புறம் நெய் ரோஸ்ட்

காணே தேறிவிட்டதா? சரி, இப்போது மசாலாவுக்குப் போகலாம்.

நெய் ரோஸ்டின் ஊர் உடுப்பிக்கு வடக்கே உள்ள குந்தாபுரா. அங்கே 1957-இல் தொடங்கிய ஷெட்டி லஞ்ச் ஹோமில் கோழியில் பேர் வாங்கிய பதார்த்தம், பிறகு இறாலுக்கும் நண்டுக்கும் பரவியது. உயிர்நாடி பியாடகி மிளகாய். ஹாவேரி மாவட்டத்து மிளகாய், தோல் சுருங்கி, கருஞ்சிவப்பாக இருக்கும். நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் அளவாகத்தான் இருக்கும். அதனால்தான் தட்டு பார்க்க எரிமலை மாதிரி வந்தாலும் வாய் வெந்துபோவதில்லை. மிளகாயோடு மல்லி, சீரகம், மிளகு, கொஞ்சம் வெந்தயம் எல்லாம் வறுத்து, பூண்டும் புளியும் சேர்த்து அரைத்து, நெய்யில் ஓரம் பிரிகிற வரைக்கும் பொறுமையாக வதக்க வேண்டும். கடைசியில் ஒரு துளி வெல்லம்.

இறால் நெய் ரோஸ்ட் வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். இறால் லேசாக வளைந்திருந்தால் பதம். வாலும் தலையும் முட்டிக்கொண்டு வளையமாகச் சுருண்டிருந்தால் ரப்பராக இருக்கும். அடுத்தது மசாலா. நெய் ஓரத்தில் தனியாகக் கசிந்து, மசாலா இறாலோடு ஒட்டியிருக்க வேண்டும். குழம்பு மாதிரி ஓடினால் அது அவசரத்தில் செய்தது. முதலில் புளிப்பு, பிறகு காரம், போகிற போக்கில் ஓர் இனிப்பு. இந்த வரிசை கிடைத்தால் கூடவே ஒரு நீர் தோசை சொல்லிவிடுங்கள்.

படி 7: நண்டு

கடலில்லாத ஊரில் நண்டு சாப்பிடலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இங்கே துணிந்து சாப்பிடக்கூடியதே சேற்று நண்டுதான். கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கில் வைத்தால் தண்ணீருக்கு வெளியே சில நாட்கள் உயிரோடு இருக்கும். அதனால் பெங்களூர் சமையலறைக்கும் அது உயிரோடுதான் வந்து சேர்கிறது. கடல் நண்டுக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது, செத்ததும் சதை சீக்கிரம் குழைந்துவிடும்.

ஆணா பெண்ணா என்று கேளுங்கள். அடிவயிற்று மடல் குறுகிய முக்கோணமாக இருந்தால் ஆண், கொடுக்கில் சதை அதிகம். அகலமாக வளைந்திருந்தால் பெண், நேரம் கூடி வந்தால் உள்ளே முட்டையும் இருக்கும். முதல் முறைக்கு ஆண் நண்டும், மிளகு வறுவலும் போதும்.

இனி சாப்பிடுவது. ஃபோர்க்கை ஓரமாக வைத்துவிடுங்கள். எவ்வளவு பெரிய ஓட்டலாக இருந்தாலும் நண்டைக் கையால்தான் சாப்பிட வேண்டும், பக்கத்து மேஜை கனவான்களும் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் சின்னக் கால்களை மூட்டில் முறுக்கிப் பிரியுங்கள். அதன் கூர் நுனியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், உடம்புக்குள்ளிருந்து சதை தோண்ட அதைவிட நல்ல கருவி இல்லை. அடுத்து கொடுக்கு. இடுக்கியை நடுவில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் ஓடு நொறுங்கிச் சதைக்குள் போய்விடும். தடித்த பக்கத்தில் வைத்து லேசாக ஒரு விரிசல், பிறகு திருப்பி வைத்து இன்னொரு விரிசல். இரண்டு பக்கமும் விட்டதும் ஓட்டை உரித்தால் சதை முழுசாக வரும். அசையும் சின்ன விரலைப் பின்பக்கமாக மடக்கி மெதுவாக இழுத்தால் கொடுக்குக்குள் இருக்கும் நடுத்தகடும் கூடவே வந்துவிடும்.

உடம்பை இரண்டாகப் பிளந்துதான் தருவார்கள். அதில் கால் ஒட்டியிருந்த ஒவ்வொரு குழியும் ஓர் அறை. அறைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சுவர்களைக் கட்டைவிரலால் உடைத்தால் உள்ளே வெள்ளைவெளேரென்று சதை இருக்கும். அவசரப்படுகிறவர்கள் கடித்துத் துப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். நண்டில் இனிப்பான பாகமே அங்கேதான். விரல் விரலாகச் சாம்பல் நிறத்தில் ஏதாவது தெரிந்தால் அது செவுள், ஒதுக்கிவிடுங்கள்.

நண்டு நடக்கும்போது பேச்சு நின்றுவிடும். அலுவலக விருந்து, பெண் பார்க்கும் படலம் மாதிரி சமாசாரங்களுக்கு இதை ஆர்டர் செய்யாதீர்கள்.

படி 8: குழம்பு

தேங்காய் வைத்து அரைத்த மீன் கஸ்ஸி ஒன்று, நீர் தோசை ஒரு செட். நீர் தோசைக்கு மாவு புளிக்க வைப்பதில்லை, அரிசியைத் தண்ணீராக அரைத்து ஊற்றுவது. நம் தோசை மாதிரி மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள், குழம்பை உறிஞ்சத்தான் அந்த மென்மை. காரம் போதும் என்றிருந்தால் மாங்காயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஆலப்புழை மீன் கறிக்குப் போங்கள். வாழையிலையில் மடித்த கரிமீன் பொள்ளிச்சதும் இங்கே சேர்க்கலாம். ஆனால் இலையைச் சமையலறையில் பிரித்துக் கொண்டுவந்தால் பாதி மணம் போயிருக்கும், மேஜையில் நீங்களே பிரிப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

பாங்குடே, பூத்தாயி போன்ற எண்ணெய் மீன்கள் சீக்கிரம் கெடும், முதல் தட்டு பிரமாதமாக இருந்திருந்தால் மட்டும் கேளுங்கள். கொங்கணி வகை அயலைக் குழம்பில் தெப்பல் என்ற காய் மிதக்கும். கடித்தால் நாக்கு மரத்துப்போகும், வாசனைக்குத்தான் போடுகிறார்கள். ஆனால் தெப்பலே இல்லாத அயலை நாக்கில் மிளகு மாதிரி சுரீரென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஐஸ் சரியில்லாத அயலையிலும் சூரையிலும் ஒவ்வாமை மாதிரி உபாதை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது.

படி 9: பில்

நண்டின் எடையும் 100 கிராம் விலையும் அவர்கள் சொன்னபடி இருக்கிறதா என்று பாருங்கள். தனி உணவகத்தில் ஜிஎஸ்டி பொதுவாக 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஓட்டலுக்குள் இருந்தால் 18 சதவீதம், பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணத்தை அவர்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அந்த அண்ணா நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையில் தனியாகக் கொடுங்கள்.

மிச்சமிருந்தால் நெய் ரோஸ்ட் மசாலாவை மட்டும் பார்சல் வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் காலைத் தோசைக்கு ஆகும். பொரித்த மீனை அங்கேயே முடித்துவிடுங்கள்.