புற்றுநோய் வருத்தக்காரர் உள்ள வீட்டில் மாரிகாலம்: நோவும் நுளம்பும்

புற்றுநோய் நோவோடு ஒருவர் வீட்டில் படுத்திருந்தால் நுளம்பு வலையைப் பகலில்தான் முதலில் கட்ட வேண்டும். நாங்கள் பொதுவாகப் பொழுதுபட்டதும் வலையை இறக்கி, விடிந்ததும் சுருட்டி மேலே போட்டுவிடுவோம். ஆனால் நோவால் இரவு முழுக்கப் புரண்டு கிடந்தவர் விடியப்புறம்தான் கண்ணயர்வார், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு கூடுதலாகக் கடிப்பதும் காலையிலும் பொழுது சாயும் முன்னரும்தான். கடும் நோவுக்குக் கொடுக்கும் மோர்பின் என்ற மருந்தை எடுப்பவர் அயர்ந்து கிடந்தால் கடிப்பதும் தெரியாது, கை ஓங்கி அடிக்கவும் மாட்டார். அதனால் அவர் எப்போது படுத்தாலும் வலை வேண்டும், ஓரங்களை மெத்தைக்குக் கீழே செருகிவிடுங்கள். நுளம்புச் சுருளை அந்த அறையில் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை இருமலையும் ஓங்காளத்தையும் கூட்டும். நுளம்பு கடிக்காமல் தோலில் பூசும் மருந்து பாவிப்பதென்றால் கதிர்ச் சிகிச்சை கொடுத்த தோலில் படக்கூடாது.

அடுத்தது இரவு நித்திரை. இது முக்கியமாக மருந்து கொடுக்கும் நேரத்தில்தான் தங்கியிருக்கிறது. நோ வரட்டும், பிறகு கொடுப்போம் என்று பல வீடுகளில் காத்திருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். உலக சுகாதார அமைப்பு 1986 இலேயே சொன்ன முறை, மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுப்பது. சாதாரண மோர்பின் (மெதுவாக வேலை செய்யும் வகையல்லாதது) ஏறக்குறைய 4 மணித்தியாலம் வேலை செய்யும், அது முடியுமுன் அடுத்தது போக வேண்டும். நடுச்சாமத்தில் எழுப்பாமல் இருக்கப் படுக்கும்போது எவ்வளவு கொடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள், அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். மோர்பின் என்றாலே கடைசி மருந்து என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை, நோ எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் அதைத் தருகிறார்கள், எத்தனை நாள் மிச்சம் என்று பார்த்தல்ல. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்று நினைத்து அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தொடக்கத்தில் வரும் தூக்கம் சில நாளில் குறையும், ஆனால் தட்டி எழுப்பியும் எழும்பவில்லை, மூச்சு மெதுவாகப் போகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரி.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். 0 என்றால் நோ இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது, மருந்துக்கு முன்னும் ஒரு மணித்தியாலம் கழித்தும் அவர் சொல்லும் எண்ணை எழுதுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகும்போது, "அம்மாவுக்குச் சரியான நோ" என்று சொல்வதைவிட இந்தக் கொப்பி வைத்தியருக்கு நிறையச் சொல்லும். மெதுவாக மூச்சிழுத்து விடுவது, பிடித்த பாட்டுக் கேட்பது, பேசிக்கொண்டிருப்பது எல்லாம் நோவைக் குறைக்க உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன, சரி, செய்யுங்கள், ஆனால் மருந்தோடு சேர்த்துத்தான். "மனதைத் திடப்படுத்துங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது கொடுமை.

இனிக் காய்ச்சல். மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான். நோவுக்கென்று நேரத்துக்கு நேரம் பனடோல் (பரசிற்றமோல்) எடுப்பவருக்குக் காய்ச்சல் வெளியே தெரியாது, அதனால் ஒவ்வொரு முறையும் குளிசை கொடுக்குமுன் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பவருக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காட்டினால் இரவு, மழை, ஞாயிறு எதுவும் பார்க்காமல் கொண்டுபோங்கள். கிருமி தொற்றியிருக்கலாம், டெங்காகவும் இருக்கலாம், வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் தாமதம் ஆபத்து. கீமோவே இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுக்களைக் குறைக்கும், டெங்கும் குறைக்கும். அதற்கு மேல் அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனக் போன்ற நோ மருந்துகள் உள்ளே போனால் இரத்தக் கசிவுக்கு இடமாகிவிடும். எலும்பு நோவுக்கு இவற்றில் ஒன்றை ஏற்கெனவே எடுப்பவர்கள் உண்டு, காய்ச்சல் வந்தால் அதை என்ன செய்வது என்று மழைக்கு முன்பே கிளினிக்கில் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

வளவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: சிரட்டை, இளநீர்க் கோம்பை, ரயர், கூரைப் பீலி. தெரியாமல் விடுவது, தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது என்பது. ஈடிஸ் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும், அது காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே தொட்டியையும் வாளியையும் தும்பால் உரஞ்சிக் கழுவ வேண்டும். முட்டை பறக்கும் நுளம்பாக 7 முதல் 10 நாள் எடுப்பதால், கிழமைக்கு ஒருநாள் செய்தால் அந்த வட்டம் அறும். வருத்தக்காரரின் கட்டிலடி வாளியையும் குளியலறைத் தொட்டியையும் முதலில் பாருங்கள்.

கரையோரத்தில் இருப்பவர்கள் "எங்கட தண்ணி உவர், அதில் நுளம்பு வராது" என்று இருக்க வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, குடாநாட்டுக் கரையோர உவர்நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் (முட்டையிலிருந்து வரும் புழுக்கள்) வளர்வதைக் காட்டியது. பாவிக்காத கிணறு என்றால் சின்னக் கண் வலையால் இறுக்கி மூடுங்கள், பாவிக்கும் கிணற்றில் கப்பி மீன் விடலாம், எண்ணெய் ஊற்றாதீர்கள். பக்கத்து வளவில் ஆளில்லாமல் பூட்டிய வீடும் கிணறும் இருந்தால் பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) சொல்லுங்கள், வேலிக்கு அங்கால் பிறக்கும் நுளம்பு இங்கால் வரும்.